கரைக் குழாயைப் படகோடு நிரந்தரமாக இணைத்துவிடலாமா?

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும், படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையான மரீனாவின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் மனைவியும் மூன்று வருடமாக 57 அடி நேரோபோட்டில், அதாவது கால்வாய்களுக்கென்று குறுகலாகக் கட்டிய எஃகுப் படகில், குடியிருக்கிறார்கள். வாடகை கட்டி மாளாமல் பழைய படகு ஒன்றை வாங்கி, கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டிய மரீனா ஒன்றில் நிரந்தர இடம் எடுத்திருக்கிறார்கள். போன வருடம் குழந்தை பிறந்தது. முன்பெல்லாம் பத்து நாள் தாங்கிய 500 லிட்டர் டேங்க் இப்போது ஐந்து நாளில் காலி. ஒவ்வொரு முறையும் குளிரில், படகைக் கட்டும் மிதவை மேடையான பொன்டூனின் பலகையில் நின்று அரை மணி நேரம் ஹோஸைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இவர் வேலைக்குப் போன நாளில் தண்ணீர் தீர்ந்தால் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைச் செய்கிறார்.

பக்கத்துப் படகுக்காரர் ஒரு வழி சொன்னார். பம்புக்குப் பிறகு வரும் பைப்பில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு, பொன்டூன் குழாயை நேராக அதில் மாட்டிவிட்டால் டேங்கும் வேண்டாம், பம்பும் வேண்டாம். நம் வாசகர் ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே செய்தார். ஷவர் வீட்டு ஷவர் போல அடித்ததாம். இரவில் யாராவது கை கழுவினாலும் குழந்தையை எழுப்பிவிடும் பம்பின் சத்தம் அடியோடு நின்றது. ஞாயிறு காலையில் பார்த்தால் கேலொரிஃபயர், அதாவது படகின் சுடுநீர் சிலிண்டர், இருக்கும் அலமாரியில் தரை ஈரம். அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் சிலிண்டரின் ரிலீஃப் வால்விலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. 'அது பழைய வால்வு, வாயில் ஒரு பிளக் போட்டு அடைத்துவிடு' என்றாராம் அதே பக்கத்துப் படகுக்காரர்.

அவருடைய கேள்விகள் நான்கு. இப்படி நிரந்தரமாக இணைப்பது சரியா? தோட்டச் சாமான் கடையில் வாங்கிய, ஹோஸில் மாட்டுகிற சின்ன ரெகுலேட்டர் போதுமா? ரிலீஃப் வால்வை அடைக்கலாமா? படகு போன வருடம்தான் பி.எஸ்.எஸ். (போட் சேஃப்டி ஸ்கீம்) என்ற படகுப் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறியது, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றத் தானாக ஓடும் பில்ஜ் பம்பும் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்? கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'ஊரில் கார்ப்பரேஷன் லைனில் நேராகக் குழாய் வைத்துத்தானே வளர்ந்தோம்?'

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றாவது கேள்விக்குத்தான் அவசரம், அதனால் அதற்கு முதல் பதில். அடைக்காதீர்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, இமர்ஷன் ஹீட்டரின் சுவிட்சை அணைத்து, எஞ்சினை ஓட்டாமல், கரைக் குழாயை மூடி, ஒரு குழாயைத் திறந்து பிரஷரை இறக்குங்கள். சிலிண்டர் ஆறியபின் அந்தப் பிளக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

வால்வு கெடவில்லை, வேலை செய்தது

உங்கள் படகின் பம்பு, இந்த வகைப் படகுகளில் பெரும்பாலும் இருப்பதைப் போல, சுமார் 2 பார் அழுத்தம் வந்ததும் தானாக நின்றுவிடும். கேலொரிஃபயரின் ரிலீஃப் வால்வு வழக்கமாக 3 பாரில் திறக்கும். அந்த எண் வால்வின் மூடியிலேயே பொறித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் கரைக் குழாயில் 3, 4, சில இடங்களில் 5 பார் வருவது சாதாரணம். பகலில் மரீனாவில் எல்லோரும் தண்ணீர் எடுப்பதால் கொஞ்சம் குறைந்திருக்கும். நள்ளிரவில் ஒருவரும் எடுக்காதபோது ஏறும். வெள்ளி, சனி பகலெல்லாம் ஒழுகாமல் ஞாயிறு விடியலில் ஈரம் கண்டதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும். தண்ணீர் சூடானால் விரியும். 55 லிட்டர் சிலிண்டரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். சிலிண்டருக்குள் போகும் குளிர்நீர்ப் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அந்த ஒரு லிட்டர் வந்த வழியே திரும்ப முடியாது. எக்ஸ்பான்ஷன் வெஸல் என்ற காற்றுப் பையுள்ள சின்ன உருளை இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். பழைய படகுகள் பலவற்றில் அது இருக்காது, அல்லது பையில் காற்று இறங்கிப் போயிருக்கும். அப்போது விரிந்த தண்ணீர் போக இருக்கும் ஒரே வாசல் நீங்கள் அடைக்க நினைத்த வால்வுதான்.

எஞ்சின் கூலன்ட் ஓடிச் சிலிண்டரைச் சூடாக்கும் சுருளுக்குப் பெரும்பாலான படகுகளில் தெர்மோஸ்டாட் கிடையாது. எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டரும் அந்தப் பக்கம் போகும். இமர்ஷனுக்குத் தெர்மோஸ்டாட் உண்டு, ஆனால் அது ஒட்டிக்கொண்டு அணையாமல் போவதும் உண்டு. மூடிய சிலிண்டரில் 100 டிகிரிக்கு மேல் ஏறிய தண்ணீர் அழுத்தத்தால் கொதிக்காமல் காத்திருக்கும். சிலிண்டர் எங்கேயாவது பிளந்த நொடியில் அது ஒரே வீச்சில் நீராவியாக மாறும். குழந்தை தூங்கும் இடத்திலிருந்து அந்த அலமாரி எத்தனை அடி என்று உங்களுக்கே தெரியும்.

சிலர் இன்னொரு குறுக்குவழி சொல்வார்கள்: 3 பார் வால்வைக் கழற்றிவிட்டு 6 பார் வால்வு போடு, ஒழுகாது. ஒழுகாதுதான். சிலிண்டர் எவ்வளவு அழுத்தத்துக்குக் கட்டப்பட்டது என்பதை வைத்துத்தான் அந்த வால்வைத் தேர்ந்திருக்கிறார்கள். சிலிண்டரின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வால்வின் எண்ணை உயர்த்துவது அடைப்பதற்கு அடுத்தபடியான தவறு.

இப்போது செய்ய வேண்டியது எளிது. கரை இணைப்பை எடுத்துவிட்டுப் பம்பில் ஓட்டுங்கள். சிலிண்டர் ஆறியிருக்கும்போது வால்வின் மூடியை ஒரு தடவை திருகி, கொஞ்சம் தண்ணீர் வேகமாக வெளியேறவிட்டு விடுங்கள். உள்ளே சிக்கிய சுண்ணாம்புத் துகள் இருந்தால் அடித்துக்கொண்டு போகும். அப்படியும் சொட்டினால் அதே அளவில் புது வால்வு மாற்றுங்கள். அதன் வெளியேற்றுக் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். சில படகுகளில் அதை அப்படியே தரைக்கடியில் விட்டிருப்பார்கள். படகுக்கு வெளியே போகிற மாதிரியோ, கண்ணில் படும் ஒரு டப்பாவிலோ விட வேண்டும். அடித்தட்டு எஃகின் மேல் வருடக்கணக்கில் சொட்டினால் துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே பிளாக்கிங் என்ற கறுப்புத் துருத்தடுப்புப் பூச்சை எத்தனை கோட் அடித்தும் பயனில்லை.

பிரஷர் அல்ல, முடிவில்லாத தண்ணீர்

உங்கள் கடிதம் முழுக்க பிரஷரைப் பற்றியே கவலைப்படுகிறது. பிரஷரைக் குறைக்கக் கருவி இருக்கிறது. எனக்குக் கவலை தருவது வேறு: டேங்கில் 500 லிட்டர்தான் இருக்கிறது, கரைக் குழாய்க்கு முடிவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் இருவரும் வெளியே போயிருக்கும்போது சிங்க்குக்கு அடியில் ஒரு ஜாயின்ட் கழன்றுகொள்கிறது என்று வையுங்கள். பம்பும் டேங்கும் மட்டும் இருந்தால், மிக மோசமாகப் போனாலும் 500 லிட்டர் உள்ளே கொட்டும். அரை டன். ஆனால் அது ஏற்கெனவே படகில் இருந்த எடைதான். முன் டேங்கிலிருந்து கேபின் தரைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சராசரியாகப் பார்த்தால் படகு புதிதாக ஒரு அங்குலம்கூடத் தாழாது. கம்பளம் பாழாகும், பிளைவுட் ஊதும், மனசு கஷ்டப்படும். அதோடு முடிந்தது.

அதே ஜாயின்ட் கரைக் குழாயோடு இருந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருவதாக, குறைத்தே வைத்துக்கொள்வோம். மணிக்கு 900 லிட்டர். நீங்கள் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒன்பது மணி நேரத்தில் எட்டு டன். உங்கள் நீளமுள்ள நேரோபோட் ஓர் அங்குலம் தாழ முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை போதும். ஆக ஒன்பது, பத்து அங்குலம். முன்பக்கத் திறந்த தளமான வெல் டெக்கின் வடிகால் ஓட்டைகளும் சிங்க் வடிகாலும் நீர்மட்டத்துக்கு எத்தனை அங்குலம் மேலே இருக்கின்றன? ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். அவற்றில் ஒன்று நீருக்குள் போய்விட்டால் அப்புறம் குழாயை மூடியும் பயனில்லை, கால்வாயே உள்ளே வர ஆரம்பிக்கும். உள்ளே சேரும் தண்ணீர் சமமாகப் பரவி நிற்காது என்பது இன்னொரு சங்கடம். நேரோபோட் வழக்கமாகப் பின்பக்கம் தாழ்ந்து மிதக்கும், தண்ணீரும் அங்கேயே ஓடும். என் சராசரிக் கணக்கைவிடப் பின்முனை சீக்கிரம் தாழும்.

'தானாக ஓடும் பில்ஜ் பம்பு இருக்கிறதே' என்கிறீர்கள். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான நேரோபோட்டுகளில் அது எஞ்சின் அறையில் இருக்கும். எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே முழு எஃகுத் தடுப்பு இருக்கும். டீசலும் எண்ணெயும் கேபினுக்குள் வராமலிருக்க அப்படிக் கட்டுகிறார்கள். அதே தடுப்பு கேபின் தண்ணீரைப் பம்பு பக்கம் விடாது. கேபின் தரைக்கடியில், எடைக்காக அடுக்கிய பேலஸ்ட் செங்கற்களுக்கு நடுவே, தண்ணீர் சத்தமில்லாமல் சேரும். கேபினின் பின்முனையில் தரையில் ஒரு சிறு சதுர மூடி இருக்க வேண்டும். அதைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரில் கொஞ்சம் இன்னும் அங்கே இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தொலைந்தது என்று நீங்கள் சந்தோஷப்பட்ட பம்பு சத்தம் இருக்கிறதே, அதுதான் படகிலேயே விலை குறைந்த அலாரம். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு இரண்டு தடவை 'டர்' என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கரைக் குழாயில் ஒழுகினால் அந்தச் செய்தி வராது. சத்தம்தான் பிரச்சினை என்றால் பம்பை ரப்பர் பாதத்தின் மேல் வைத்து, இரு பக்கமும் வளையும் ஹோஸ் போட்டு, பம்புக்குப் பக்கத்தில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் உருளையில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பாலேயே, பம்பு மறுபடி கிளம்பும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வரும்வரை காற்று நிரப்பலாம். அது சரியாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீருக்கெல்லாம் பம்பு எழுந்திருக்காது, குழந்தையும் எழுந்திருக்காது.

ஊர்க் கதைக்கு வருகிறேன். ஊரில் பைப் உடைந்தால் தண்ணீர் முற்றத்தில் ஓடி, வாசலைத் தாண்டி, தெருச் சாக்கடைக்குப் போகும். எதிர்வீட்டு அம்மா கூப்பிட்டுச் சொல்வார். வீடு மூழ்காது. படகு என்பது வெளித்தண்ணீர் வராமலிருக்கக் கட்டிய எஃகுத் தொட்டி. உள்ளே விட்ட தண்ணீரையும் அது அதே விசுவாசத்தோடு வைத்துக்கொள்ளும்.

பி.எஸ்.எஸ். சான்றிதழ் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பரிசோதனை கேஸ், எரிபொருள், மின்சாரம், தீ, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றில்தான் குறியாக இருக்கும். உங்கள் குடிநீர்ப் பைப்பின் ஜாயின்ட்டுகள் 4 பார் தாங்குமா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. படகு அதில் தேறியதற்கும் பிளம்பிங் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தோட்ட ரெகுலேட்டர்

ஹோஸில் மாட்டுகிற மலிவுக் கருவிகள் பலவும் உண்மையில் ஓட்டத்தைக் குறைப்பவை, அழுத்தத்தை அல்ல. குழாய் திறந்திருக்கும்போது தண்ணீர் மெதுவாக வருவதால் பிரஷர் குறைந்த மாதிரி தெரியும். எல்லாக் குழாயையும் மூடியவுடன் கருவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். மூடியிருக்கும்போதுதான் ஜாயின்ட்டுக்கு ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் கருவி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

நீங்களே சோதிக்கலாம். பிரஷர் கேஜ் ஒன்றை வாங்கி ரெகுலேட்டருக்குப் பிறகு மாட்டுங்கள். அதைப் படகோடு இணைக்க வேண்டாம், பொன்டூனிலேயே முனையை அடைத்துவிட்டுக் குழாயைத் திறங்கள். முள் 2 பாரில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதோடு விட்டுவிடாமல் இரவு முழுக்க அப்படியே வைத்து, காலையில் பாருங்கள். அழுத்தத்தையே குறைக்கும் நல்ல ரெட்யூசிங் வால்வில் முள் நகர்ந்திருக்காது. 2.5, 3 என்று ஊர்ந்து ஏறியிருந்தால் வால்வின் இருக்கை கசிகிறது, அதை நம்ப முடியாது. மூடிய நிலையிலும் பிடித்து நிறுத்தும் பிளம்பிங் ரெட்யூசிங் வால்வு வேறு சாமான். பித்தளையில், கேஜோடு வரும், உள்ளே சல்லடை இருக்கும், கொஞ்சம் விலை கூடும்.

படகில் முதலில் விட்டுக்கொடுப்பது பைப் அல்ல என்பதையும் கவனியுங்கள். சிங்க்குக்கு அடியில் உள்ள தண்ணீர் ஃபில்டரின் பிளாஸ்டிக் கிண்ணம், குழாய்க்குப் போகும் பின்னல் ஹோஸ், வாஷிங் மெஷின் ஹோஸ், முந்தைய உரிமையாளர் ஜூபிலி கிளிப் போட்டு இறுக்கிய ஏதோ ஒரு மூலை: இவைதான் வரிசையில் முன்னால் நிற்கின்றன. டீ ஜாயின்ட்டைப் பம்புக்கு முன்னால் போட்டிருந்தால் இன்னும் மோசம். அங்கே உள்ள கண்ணாடி போன்ற சல்லடைக் கிண்ணம் உறிஞ்சும் பக்கத்துக்காகச் செய்தது, அது அழுத்தத்தைத் தாங்கவே தாங்காது.

மரீனா என்ன சொல்லும், சட்டம் என்ன சொல்லும்

பொன்டூன் குழாய் உங்களுக்கு மட்டுமானதல்ல. கரையில் எங்காவது மெயின் உடைந்து அழுத்தம் சட்டென்று விழுந்தால், ஹோஸின் மறுமுனையில் இருப்பதைக் குழாய் பின்னோக்கி உறிஞ்சும். உங்கள் டேங்கில் நாள்கணக்கில் நின்ற தண்ணீரோ, கால்வாயில் நழுவி விழுந்த ஹோஸ் முனை வழியே கால்வாய்த் தண்ணீரோ பக்கத்துப் படகின் தேநீருக்குப் போகலாம். இங்கிலாந்து, வேல்ஸின் 1999ஆம் ஆண்டு நீர் இணைப்பு விதிமுறைகள் இதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. அவை தண்ணீரை அசுத்த அபாயத்தைப் பொறுத்து ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. மரீனா போன்ற இடங்களை மிக ஆபத்தான ஐந்தாம் வகையாக எடுத்துக்கொண்டு பாதுகாப்பு வைப்பதே வழக்கம். நீங்கள் போட்ட டீ ஜாயின்ட், டேங்க் வைத்திருந்த காற்று இடைவெளியை எடுத்துவிட்டு, கரை மெயினையும் உங்கள் பைப்புகளையும் ஒரே குழாயாக்கியிருக்கிறது. மரீனாவுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் ஹோஸை இணைத்தபடி விட்டுப் போகக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸும் இதில் வருகிறது. பழைய படகு என்பதால் உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டுமாக இருக்கலாம். படகு உரிமத்துக்கு அது போதும். ஆனால் படகு மூழ்கினால் உங்கள் சாமானுக்கும், படகைத் தூக்கும் செலவுக்கும் அது வராமல் போகலாம். கசிந்த டீசலைச் சுத்தம் செய்யும் கூலியும் தனியாக நிற்கும். முழுப் பாலிசியாகவே இருந்தாலும் 'நியாயமான கவனம்' என்ற நிபந்தனை இருக்கும். கரைக் குழாயை நிரந்தரமாக இணைத்திருப்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் 'பரவாயில்லை' என்று யாரோ சொன்னது இழப்பீடு கேட்கும் நாளில் உதவாது.

அப்படியானால் என்ன செய்யலாம்

உங்கள் கஷ்டம் உண்மையானது, அதைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. என் கட்சி இதுதான்: அழுத்தத்தில் நிற்கும் கரைத் தண்ணீர் கேபின் சுவருக்குள் வரவே கூடாது. அது வெல் டெக்கோடு நிற்கட்டும். அங்கே உடைந்தால் வடிகால் வழியே வெளியே போய்விடும்.

இதற்கு ஒத்துவரும் வழி ஒன்று, டேங்குக்குள் மிதவை வால்வு. ஊரில் மொட்டைமாடி டேங்கில் இருக்கும் அதே பந்து வால்வுதான். ஹோஸை வெல் டெக்கில் ஒரு இணைப்பில் மாட்டிவிட்டால் டேங்க் நிறைந்ததும் தானாக நிற்கும். கேபினுக்குள் எப்போதும் போல பம்பு தரும் 2 பார் மட்டுமே. வால்வின் வாய் டேங்க் நிறையும் மட்டத்துக்கும் வழிந்தோடும் துளைக்கும் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று இடைவெளி காப்பாற்றப்படும். வழியும் தண்ணீர் வெளியே போகிறதா என்பதை வால்வைப் போடுவதற்கு முன்னாலேயே சரிபாருங்கள். சில படகுகளில் டேங்கின் காற்றுக் குழாய் கேபின் பக்கமாகத் திறந்திருக்கும். அதைத் திருப்பாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. எல்லாம் செய்தபின்னும், படகைவிட்டு எல்லோரும் இறங்கும்போது பொன்டூன் குழாயை மூடிவிட்டுத்தான் போக வேண்டும்.

இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. உங்கள் மனைவியின் சிரமத்துக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். தோட்டத்துக்கு விற்கும் கைமுறை டைமர் ஒன்றைப் பொன்டூன் குழாயில் திருகுங்கள். சாவி கொடுத்தால் வைத்த நிமிடத்தில் மூடிக்கொள்ளும், பேட்டரி வேண்டாம். டேங்க் கால்வாசி இருக்கும்போது நிரம்ப எத்தனை நிமிடம் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால், ஹோஸை வாயில் செருகி, டைமரைத் திருகிவிட்டு உள்ளே வந்துவிடலாம். நிரம்பி வழிந்தாலும் வெல் டெக்கில்தான் வழியும். ஹோஸை டேங்க் வாயில் துணி சுற்றி இறுக்கிச் செருகாதீர்கள். காற்று வெளியேற இடமில்லாமல் டேங்குக்கே அழுத்தம் ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகும் நேரடி இணைப்புதான் வேண்டும் என்றால் தடுக்க மாட்டேன், ஆனால் அரைகுறையாகச் செய்ய வேண்டாம். மரீனா அனுமதி, கரைப்பக்கம் பின்னோட்டத் தடுப்பு, மூடிய நிலையிலும் 2 பாரைப் பிடிக்கும் ரெட்யூசிங் வால்வு, கேஜ், டேங்குப் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு, வேலை செய்யும் எக்ஸ்பான்ஷன் வெஸல், கேபின் பில்ஜில் தண்ணீர் பட்டால் கத்தும் சென்ஸாரோடு இணைந்து தானாக மூடும் மின்வால்வு. அந்த மின்வால்வு கரண்ட் போனால் மூடும் வகையாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் திறந்தே நிற்கும் வகையை வாங்கிவிடாதீர்கள். இந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் பந்து வால்வின் அருமை தெரியும்.

குழந்தை இருக்கும் படகு

நீங்கள் கேட்காத ஒன்று. எஞ்சின் ஓடிய பிறகு உங்கள் சுடுநீர்க் குழாயில் 80 டிகிரித் தண்ணீர் வரக்கூடும். பெரியவர்கள் கையை இழுத்துக்கொள்வோம். தவழ்ந்து எழுந்து குழாயைப் பிடிக்கப்போகும் பிள்ளை இழுக்காது. சிலிண்டருக்குப் பிறகு தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு ஒன்றைப் போட்டு, குளியலறைக் குழாயில் 44 டிகிரி அளவில் வையுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றிலும் இதற்கு முதலிடம் கொடுத்தாலும் தப்பில்லை.

குடிநீருக்குத் தோட்ட ஹோஸ் வேண்டாம், குடிநீருக்கென்று விற்கும் நீல ஹோஸ் வாங்குங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் தேங்கிய தண்ணீரை முதலில் ஓடவிட்டுவிட்டு நிரப்புங்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில்தான் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் செழிக்கும். நேரடி இணைப்பில் அந்த ஹோஸ் நாள் முழுக்கத் தேங்கிய தண்ணீரோடு கிடக்கும் என்பதும் அதன் பாதகங்களில் ஒன்று. கழிவறைக் கேஸட்டை, அதாவது கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டியை, கழுவும் இடத்தில் இருக்கும் ஹோஸைக் குடிநீருக்குத் தொடவே வேண்டாம். பவுடர் பால் கரைக்க, தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்குங்கள். இறக்கி அரை மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது இங்கிலாந்து சுகாதாரத் துறையின் அறிவுரை. டேங்க் தண்ணீர், கரைத் தண்ணீர் இரண்டுக்குமே அது பொருந்தும்.

நீங்கள் எழுதியது அக்டோபரில். உறைபனி வருமுன் அந்த டீ ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு நேர் ஜாயின்ட் போட்டுவிடுங்கள். பொன்டூனில் கிடக்கும் ஹோஸுக்குள் தண்ணீர் உறைந்தால் இணைப்பு விரிசல் விடும், ஆனால் ஐஸ் இருக்கும்வரை ஒழுகாது. இரண்டு நாள் கழித்து உருகும்போது நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். கேலொரிஃபயரின் தகட்டையும் ரிலீஃப் வால்வின் மூடியையும் எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். எந்த அளவு வால்வு, எத்தனை லிட்டர் எக்ஸ்பான்ஷன் வெஸல் என்று பார்த்து எழுதுகிறேன்.